எந்தக் கோயில் மொட்டை

லிஃப்ட் கதவு மூடப்போகிற நேரத்தில் நான்காம் மாடி ராஜம்மா ஆன்ட்டி உள்ளே காலை நுழைத்தார். ஷாமளா பின்சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

உள்ளே ஏற்கெனவே லோஷினியின் அம்மா நின்றுகொண்டிருந்தார், லோஷினியோடு.

ராஜம்மாவிடம் பத்துமலை முருகனுக்கு மொட்டை போட்டதாகச் சொல்லியிருந்தாள் ஷாமளா. லோஷினியின் அம்மாவிடம் ரெங்கம் தோட்டத்து முனியாண்டிக்கு. இரண்டு பேரும் ஒரே லிஃப்ட்டில் ஏறப்போகிறார்கள் என்று எந்தச் சாமியும் அவளுக்கு முன்கூட்டித் தகவல் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று மாசாயில் இந்த அடுக்குமாடிக்கு அவர்கள் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தமிழ்ப் பிள்ளையின் தலை மழமழவென்று இருந்தால் நம் ஆட்களுக்குக் கேட்க ஒரே கேள்விதான் உண்டு. எந்தக் கோயில்? பேர் என்ன என்பதெல்லாம் அப்புறம்.

பதினொரு வயது ஷாமளாவுக்கு அந்தக் கேள்வி வெல்லமாக இனித்தது. ஆளுக்கொரு சாமியை அள்ளிக் கொடுத்தாள். ரொட்டிக் கடை அண்ணனுக்கு மாரியம்மன். காய்கறி விற்கிறவருக்கு, சலித்துப்போய், பிள்ளையார். பிள்ளையாருக்கு யாராவது மொட்டை போடுவார்களா? அவரோ அதையும் நம்பித் தலையாட்டினார்.

சாமி பேரில் பொய் சொன்னால் கண்ணைக் குத்தும் என்றார் அம்மா. கண் ஒன்றுதான் பாக்கி, மற்ற இடமெல்லாம் ஊசி போட்டுக் குத்தியாச்சு என்றாள் ஷாமளா. அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முன்பு குடியிருந்த ரெங்கத்தில் உண்மையைச் சொல்லித்தான் பார்த்தார்கள். நோயின் பேரைக் கேட்ட மறுநாளே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலியோடு நின்றுவிட்டார்கள். பெரியவர்கள் பார்லித் தண்ணியோடு வருவார்கள். அவளைப் பார்த்து மூக்கைச் சிந்துவார்கள். அழுத களைப்பில் அந்தத் தண்ணியை அவர்களே குடித்துவிட்டுப் போவார்கள்.

இங்கே ஐந்தாம் மாடியில் லோஷினியிடம் இரண்டு பேட்மின்டன் மட்டை இருந்தது. ஆடத்தான் ஆளில்லை. ஷாமளாவின் கண் அந்த இரண்டாவது மட்டை மேல்தான். லோஷினியின் அம்மா பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். அவர் பார்த்து முடிக்கிறவரைக்கும் பொய் உடையக் கூடாது.

லிஃப்ட் முனகிக்கொண்டே கிளம்பியது. படியேறுகிறவர்கள் முந்திவிடுவார்கள், அப்படியொரு லிஃப்ட்.

ராஜம்மாதான் ஆரம்பித்தார். இந்த வயசில் பத்துமலைப் படி அத்தனையும் ஏறி முருகனுக்கு முடி கொடுத்திருக்குதே பிள்ளை என்று ஷாமளாவின் தலையைத் தடவினார்.

முருகனா, என்னிடம் முனியாண்டி என்றல்லவா சொன்னாள் என்றார் லோஷினியின் அம்மா.

தடவிய கை தலையிலேயே நின்றது. முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பார்கள், சேவல் அறுப்பார்கள், பீர்கூட ஊற்றுவார்கள். முடியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப்போகிறார் என்று ராஜம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்.

"ரெண்டு பேருக்கும்தான் ஆன்ட்டி. முன்பக்கம் முருகனுக்கு, பின்பக்கம் முனியாண்டிக்கு."

ராஜம்மா அதையும் யோசித்துப் பார்த்தார். எல்லைக்கல் எங்கே நட்டார்கள் என்று கேட்கப்போகிறவர்போல வாயைத் திறந்தார். லோஷினியின் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கதவுக்கு மேலே எரிகிற மாடி எண்ணைப் பார்த்தார். மூன்று.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள் ஷாமளா.

லோஷினிக்குச் சாமிகளின் பாகப்பிரிவினையில் அக்கறை இல்லை. எட்டு வயசு. அண்ணாந்து ஷாமளாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, புருவத்தையும் சாமி கேட்டாரா?"

ராஜம்மாவின் கை, சுட்ட சட்டியைத் தொட்டதுபோல, தலையிலிருந்து விலகியது. பிறகு அந்த முகம் வந்தது. ஷாமளாவுக்கு மிகவும் பழகிய முகம். முதலில் வாய் கோணும், அப்புறம் தலை சாயும், அப்புறம் கண் நிறையும்.

லோஷினியின் அம்மா மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மட்டை போச்சு என்று ஷாமளாவுக்குத் தெரிந்துவிட்டது. போனால் போகட்டும், இந்த முகத்தையாவது பாதியில் நிறுத்த வேண்டும்.

"சாமிக்குப் பேராச லா," என்றாள். "தலையில இருந்தத மொத்தமா வாரிட்டாரு. பத்தலன்னு இதையும் கேட்டாரு. சரி, நீயே வெச்சுக்கன்னு குடுத்துட்டேன்."

நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசி வார்த்தைக்கு மட்டும் புருவம் இருந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

நான்காம் மாடி. ராஜம்மா திரும்பிப் பார்க்காமல் இறங்கிப்போனார்.

கதவு மூடியது. லோஷினியின் அம்மா மகளின் தோளை விட்டார். கட்டைவிரலை நாக்கில் நனைத்து, தன் இடது புருவத்தின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார்.

புருவம் விரலோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் வெறும் தோல்.

ஷாமளா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். லோஷினி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் மாடியில் கதவு திறந்ததும் மட்டைகளை எடுத்துவர ஓடினாள். அவள் அம்மா தடுக்கவில்லை.

லோஷினியின் அம்மா வெளியே இறங்கி, மூடவந்த கதவை ஒரு காலால் மறித்துக்கொண்டு, கறுப்பு மை அப்பிய விரலைக் கைலியில் துடைத்தார்.

"தலைமுடியச் சாமி திருப்பிக் குடுத்துடுவாரு. புருவத்துக்குத்தான் ரொம்ப இழுத்தடிப்பாரு."