பனியனுக்குக் கோழி ஆகாது

"எம்பையன் வேலைதானுங்க அம்மிணி இது. ஷிப்டு முடிஞ்சு வந்து சாப்பிடறப்ப, தட்டுல இருந்த கறிய இதுக்கும் ரெண்டு போட்டிருப்பான்" என்றாள் சுப்பாத்தாள்.

மேசை மேல் நாய்க்குட்டி துவண்டு கிடந்தது. பனியன் கம்பெனி வாசலில் வேஸ்ட் துணி மூட்டைக்குள் கிடைத்த குட்டி. அதனால் பெயரும் பனியன். விடிந்ததிலிருந்து வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. காது சிவந்து, வயிற்றைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்தது.

டாக்டர் அன்புசெல்வி அதன் முன்னங்காலில் ஊசி செருகி டிரிப்ஸை ஓடவிட்டார்.

"பூச்சி மருந்து குடுத்தாச்சு. டெஸ்ட்டுலயும் ஒண்ணுமில்ல. பாலை நிறுத்தினோம், பிஸ்கட்டை நிறுத்தினோம். கோழிதான் இதுக்கு ஒத்துக்கலையோன்னு சந்தேகமா இருக்கு, நான் குடுக்கற தீவனத்தைத் தவிர எதுவும் வாயில படக்கூடாதுன்னு போன தடவையே சொன்னேன். இப்ப வாந்தியில கறி கிடக்குதேம்மா."

"நான் அந்தத் தீவனத்தைத் தவிர எதுவும் வெக்கறதில்லீங்க."

"அப்ப உங்க பையனுக்குப் போன் போடுங்க. நானே பேசறேன்."

"அய்யோ, அவன் எடுக்கமாட்டானுங்க." அவசரமாகச் சொல்லிவிட்டு சுப்பாத்தாள் பக்கத்தில் நின்ற கணவன் ராசப்பனின் முகத்தைப் பார்த்தாள். "நான் சொல்லிக்கறேன். அவனைத் திட்டாதீங்க அம்மிணி. ராத்திரி போட்டு மூடி வெக்கற தட்டு விடிஞ்சா காலியா இருக்குது. அதைப் பாத்தாத்தான் எனக்கு உசுரே வருதுங்க."

சாயப்பட்டறையில் மூட்டை தூக்கி உரமேறிய ஆள் ராசப்பன். இப்போது சட்டை அவர் தோளில் ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. குட்டியின் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றார்.

டாக்டர் சீட்டு எழுதி நீட்டினார். சுப்பாத்தாள் அதை வாங்கிக்கொண்டு பக்கத்து மருந்துக் கடைக்குப் போனாள்.

"இன்னிக்குப் பொழச்சுக்கும்ங்க ஐயா" என்றார் டாக்டர். "ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இத்தனூண்டு உடம்பு தாங்காது. பையன்கிட்ட நீங்களாவது கண்டிச்சுச் சொல்லுங்க."

"அவன் குடுக்கலீங்க. நாந்தான் குடுத்தேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "ஆகாதுன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதானுங்க."

ராசப்பன் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க முகிலன் போன ஆடியில போயிட்டானுங்க. ஷிப்டு முடிஞ்சு வண்டியில வந்தான், பல்லடம் ரோட்டுல லாரி அடிச்சுப் போட்டுருச்சு."

வெளியே காத்திருந்த யாரோ ஒருவரின் நாய் குரைத்து அடங்கியது. டாக்டர் நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்தார்.

"காரியமெல்லாம் முடிஞ்ச பொறகும் இவ அவன் தட்டுல சோறு போட்டு மூடி வெப்பாளுங்க. ஒரு துண்டு கறியாவது இல்லாம வெக்கமாட்டா. காத்தால அது அப்படியே இருக்கும். அழுதுக்கிட்டே எடுத்துட்டுப் போயிக் கொட்டுவா. ஒரு நாளு எனக்கு மனசு கேக்காம, அவ தூங்கினதும் எடுத்து இதுக்கு வெச்சுட்டேனுங்க. விடிஞ்சதும் காலித் தட்டைத் தூக்கிட்டு ஓடியாறா. 'ஏனுங்க, சோறெல்லாம் காலிங்க'ன்னு சிரிக்கறா. பையன் போன பொறகு அன்னிக்குத்தானுங்க அவ சிரிச்சா."

"மகன் வந்து சாப்பிட்டான்னு நம்பிட்டாங்களா?"

"ஆமாங்க. அந்த நெனப்பைக் கெடுக்க எனக்கு வாய் வரலீங்க. எம்பையனுக்கு இன்னது புடிக்கும்னு கடையில போயிப் பாத்துப் பாத்து வாங்கறா. நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நீங்களாவது அதைச் சாப்பிட்டிருக்கலாமே ஐயா."

"எனக்கு எங்கீங்க எறங்குது? வெறும் டீயிலதான் ஓடிட்டிருக்கேன். அவன் தட்டுல கைய வெச்சுத் திங்கற தெம்பு எனக்கில்லீங்க. கொட்டவும் கை வரல. இந்தச் சின்ன உசுராவது தின்னட்டும்னு வெச்சேன். ஆகாதுன்னு நீங்க சொன்ன பொறகும் வெச்சேன். வாலை ஆட்டிக்கிட்டு வந்து திங்குதுங்க, எனக்காகத் திங்கற மாதிரி." குனிந்து குட்டியின் காதோரம் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்றார் டாக்டர் மெதுவாக.

"தாங்கமாட்டாளுங்க. அவன் இல்லைங்கறது இன்னும் அவ மனசுல ஏறலீங்க."

வாசலில் மருந்துப் பை நழுவி விழும் சத்தம் கேட்டது. சுப்பாத்தாள் நின்றிருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

பையை எடுக்காமல் நேராக உள்ளே வந்தாள். நாயைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. புருசனின் எலும்பு தெரிந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கையாலதானுங்க அவனுக்கு வாய்க்கரிசி போட்டேன். எனக்குத் தெரியாதுங்களா?"

ராசப்பன் முகத்தைத் தூக்கினார்.

"சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிடறீங்க. பையன் பேரைச் சொல்லி வெச்சா, யாரும் பாக்காதப்பவாவது..." அந்த மணிக்கட்டைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அந்தச் சோறு உங்களுக்குப் போட்டதுங்க."