கழற்றிப்போட்ட கியர்

ஓஹையோவில் வெண்டல் சவடால்விட வாயைத் திறந்தால் காபிக்கடையே காலியாகிவிடும். செத்துப்போன அண்ணனின் காரில், அவன் நெடும்பயணத்துக்கென்று போட்டிருந்த பின் அச்சு கியரைக் கழற்றிவிட்டு, நாளைய பந்தயத்துக்காக சீறிக் கிளம்பவைக்கும் கியரைப் பூட்டியிருந்தான். தோற்றால் காரையே தருவதாகச் சவால் வேறு.

கியரைச் சரிபார்க்கக் காரைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டில் சுற்றுகளை எண்ணச் சாக்பீஸால் கோடு போட்டு, பின்சக்கரங்களை நண்பன் ஆர்லோவோடு சேர்ந்து ஒரு சுற்று சுற்றினான். புது கியருக்குத் தண்டு நாலு சுற்றுக்கு மேல் வர வேண்டும். அண்ணன் கியரைப்போல மூன்றுக்குள்ளேயே நின்றது. மறுபடியும் அப்படியே.

"பழசையே திருப்பி மாட்டிட்டியாடா, சவடால் மன்னா?"

"பழசு அதோ மேஜைல கெடக்கு, பாரு."

எடுக்கப்போன ஆர்லோ கையை உதறினான். வெண்டலும் தொட்டுப் பார்த்தான். வாரக்கணக்காக அங்கேயே கிடந்த கியர், வெகுதூரம் ஓடி இப்போதுதான் நின்றதுபோல் சுட்டது.