சுவருக்கு உண்டு, லாரிக்கு இல்லை

டீக்கடைச் சுவரில் மோதி மூக்கு நசுங்கி நின்ற லாரிக்கு எரிச்சல் தாங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் சொகுசாகக் கிடந்த இன்சூரன்ஸ் காகிதத்தைப் பார்த்துக் கத்தியது.

"வருஷம் பூரா ஓசிச் சவாரி செஞ்சியே, இப்பவாவது வாயைத் திறடா!"

"சுவர் கட்டப் பணம் வரும் அண்ணே. உங்களுக்கு வராது."

"நசுங்கினது நான்டா!"

"போலீஸ் பிடிக்காம இருந்தா போதும்னு, அடுத்தவங்க நஷ்டத்துக்கு மட்டும்தான் முதலாளி என்னை எடுத்தாரு. உங்களைப் பார்த்துக்கத்தான் எலுமிச்சம்பழம் கட்டியிருக்காரே!"

பம்பரில் தொங்கிய எலுமிச்சம்பழம் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

சாயங்காலம் முதலாளி ஓடி வந்தார். நசுங்கிய மூக்கைத் தடவித் தலையில் அடித்துக்கொண்டார்.

"எவன் கண்ணு பட்டுச்சோ!" என்று புலம்பியபடியே, பழைய பழத்தை அறுத்தெறிந்துவிட்டு, அதைவிடப் பெரிய பழமாகப் பார்த்துக் கட்டினார்.