ரோமாபுரிக்கு முன் ஒரு மன்னிப்பு

"ரோமாபுரிக்குப் போறதுக்கு முந்தி பகையாளியை மன்னிச்சிருங்கம்மா" என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். பாஸ்போர்ட் வந்தாயிற்று, அம்மை குத்தியாயிற்று. வியாகுலம்மாளுக்கு மன்னிப்பு மட்டும்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கூட்டம் நின்றபோது, அவள் தன் ஓரகத்தி மிக்கேலம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

"காணாமப் போன என் ரெட்டைவடச் சங்கிலிய நீ எடுத்ததை மன்னிச்சிட்டேன்டி!"

"ஐயோ, நான் எடுக்கலையேக்கா!"

"எடுத்தவ எப்படி ஒத்துக்கிடுவா? போகட்டும்." சுற்றி நின்றவர்களைக் கும்பிட்டாள். "யாரும் இவளை ஒண்ணும் சொல்லிராதீக!"

மிக்கேலம்மாளின் மகளை நிச்சயம் பண்ண வந்திருந்த புதுவயல்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாம்பூலத் தட்டோடு அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள்.

சாமியாருக்குக் கண் கலங்கியது. "இனி நிம்மதியாப் போயிட்டு வாங்கம்மா."

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள் வியாகுலம்மாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டு ரெட்டைவடச் சங்கிலியை எடுத்து, ரோமாபுரியில் மந்திரித்து வாங்கிவரப் பெட்டியில் வைத்தாள்.

"மலடி கை படக்கூடாதுன்னு உன் மக ஞானஸ்நானத்தன்னைக்கு எங்கிட்ட இருந்து பிடுங்கினியே மிக்கேலு, அந்தப் பிள்ளையை இனி நீயே வச்சிக்கடி!"