பூவம்மா டீச்சரின் பிள்ளைகள்

ஃபேரர் பார்க் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் பூவம்மா டீச்சரின் சவப்பேழை வைக்கப்பட்டிருக்கிறது. சுற்றிலும் கட்டிய நீலத் தார்ப்பாயின் வழியே வரும் மாலை வெயிலில் வெள்ளைச் சாமந்தி மாலைகளும் நீலமாகத் தெரிகின்றன. சாலை இரைச்சலையும் மீறி, அவர் வேலை பார்த்த பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர் ரமணன் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது எல்லோருக்கும் கேட்கிறது. "நல்ல கணக்கு டீச்சர்தான். ஆனா தேறாத பிள்ளைங்க கிளாஸ்லயே காலத்தை வேஸ்ட் பண்ணிட்டாங்க லா." துக்கத்துக்கு வந்தவர்கள் கடலை உடைக்கும் சத்தம் சட்டென நின்றுபோகிறது. சாங்கியில் விமானம் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து நேரே வந்திருக்கும் பெதானி, கையிலிருந்த காகிதக் கோப்பையை நசுக்கியபடி எழுகிறாள். ஆனாலும் குரல் உயரவில்லை. கத்திப் பேசினால் உன் நியாயம் யார் காதிலும் விழாது என்று அவளுக்குச் சொன்னவர் பேழைக்குள் கண்மூடிப் படுத்திருக்கிறார்.

"நானும் அந்த கிளாஸ்தான் சார்."

ரமணன் திடுக்கிட்டுத் திரும்பி, சிரிக்க முயல்கிறார். "உன்னைச் சொல்லலைம்மா. நீ நல்லா வந்துட்ட. நீ ஒரு எக்செப்ஷன்."

மருத்துவமனைத் தாதி உடுப்பில் திவ்யதர்ஷினி, பேருந்து ஓட்டுநர் சீருடையில் ரிச்சர்ட், மடியில் தூங்கும் குழந்தையோடு ரக்ஷனா என்று நாற்காலி வரிசை முழுவதும் அவரையே பார்க்கிறது. பெதானி அந்த வரிசையைக் கைகாட்டுகிறாள்.

"இவங்களும் அந்த கிளாஸ்தான். எத்தனை எக்செப்ஷன் சார்?"

ரமணன் தலை குனிந்துகொள்கிறார். வேறு பேச்சை எடுத்து அவரைக் காப்பாற்ற அங்கே யாரும் முன்வரவில்லை.