செங்கல் நிறம்

கார்த்திகை தீபத்தன்று எல்லம்மாள் ஒரு பொரி உருண்டை தின்றாள். “தின்னவே இல்லீங்க” என்றாள். கணவர் ஏகாம்பரம் அவளுடைய சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். சர்க்கரை ஏறியதைக் காட்டும் செங்கல் நிறமானது. சர்க்கரை நோய்க்காரி பொய் சொன்னதற்காகச் சமையலறையைப் பூட்டினார். அந்தப் பட்டினியிலேயே அவள் போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த தீபத்துக்குள் அவருக்கும் சர்க்கரை வந்துவிட்டது. மலையில் தீபம் ஏற்றியதும் அவரும் மகளும் அவள் படத்துக்கு முன்னால் பொரி உருண்டை படைத்து, அறைக் கதவைச் சாத்தினார்கள். அவர் கேழ்வரகுக் களி மட்டும் சாப்பிட்டார்.

படுக்கும்முன் மகள் வேதா அவர் சிறுநீரை விட்டு அந்த நீல மருந்தைக் காய்ச்சினாள். செங்கல் நிறம்.

“உண்மைய சொல்லுங்கப்பா. எவ்ளோ தின்னீங்க?”

“தொடவே இல்லம்மா.”

“அம்மாவும் இப்படித்தான் சொன்னாங்க.”

படையல் அறையைத் திறந்தார்கள். இலையில் உருண்டைகள் இல்லை. அவை இருந்த இடத்தில் அவர் விழுங்கிய களி, அவர் விரல் பதிந்தபடி, இன்னும் ஆவி பறக்க இருந்தது.