படம் எடுக்காதீங்க

"போட்டோ மட்டும் வேணாங்க கண்ணு. கூடையை எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க."

கடைக்காரி மாதம்மாள் சொன்னதும் லாவண்யா போனைத் தாழ்த்தினாள். முகம் சுருங்கிவிட்டது.

மதுரையிலிருந்து லீவுக்கு ஓசூரில் இருக்கும் அக்கா பொற்கொடி வீட்டுக்கு வந்திருந்தாள். அத்தான் ஆனந்துக்கு அன்று கம்பெனியில் வீக் ஆஃப். மூவரும் காரில் போய் ராயக்கோட்டை மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, உத்தனப்பள்ளி ரோட்டோரத்தில் இந்த மூங்கில் கூடைக் கடை கண்ணில் பட்டது.

போகிற ஊரிலெல்லாம் அந்த ஊர்க் கைவேலைப் பொருள் ஒன்றை வாங்கி, இன்ஸ்டாகிராமில் படம் போடுவது லாவண்யாவின் வழக்கம். முப்பதாயிரம் பேர் அவள் பக்கத்தைப் பார்க்கிறார்கள்.

இப்போது அவள் கையில் இருந்தது மூடி போட்ட ஒரு பூக்கூடை. நூல் மாதிரி சீவிய மூங்கில். விளிம்பைச் சுற்றிச் செவ்வந்திப் பூப் போல ஒரு பின்னல். இப்படி ஒரு வேலையை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

"நீங்க பின்னினதாம்மா?"

"எனக்கு முறமும் கோழிக்கூடையும்தாங்க வரும். இது உள்ள ஒருத்தி பின்னுறா."

"அவங்க பேரு?"

"பேரு எதுக்குங்க? கூடை புடிச்சிருக்கா, சொல்லுங்க. கட்டித் தர்றேன்."

"அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசலாமா?"

"வேலையா இருக்கா கண்ணு."

கடையின் பின்பக்கம் சாக்குத் திரை தொங்கியது. உள்ளே மூங்கில் சீவும் சத்தம் கேட்டது.

"நான் படம் போட்டா உங்களுக்குத்தான் நல்லது. பெங்களூர்ல இருந்தெல்லாம் தேடி வருவாங்க" என்றாள் லாவண்யா.

"வந்தாங்களே. டூர் பஸ்ஸைக் கூட்டிட்டு வர்றேன், போட்டோ புடிக்க விடுங்கன்னு ஒருத்தர் கேட்டார். வேணாம்னுட்டேன்."

"சரி, உங்களை மட்டுமாவது ஒண்ணு எடுத்துக்கறேன்."

"என்னையும் வேணாங்க."

பொற்கொடி தங்கையின் காதோரம் குனிந்தாள். "வேலை செய்யறவளை வெளியே காட்டினா, ஆர்டர் நேரா அவளுக்குப் போயிடும்ல. அதான் திரை போட்டு வச்சிருக்கு இந்தம்மா."

லாவண்யாவுக்கும் அப்படித்தான் பட்டது. இவ்வளவு கெட்டிக்காரியின் பேரைக்கூடச் சொல்ல மனசு வரவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

மாதம்மாள் கூடையைப் பேப்பரில் சுற்றக் குனிந்த நேரம் பார்த்து, திரை இடுக்கில் போனை நீட்டி ஒரு படம் எடுத்துக்கொண்டாள். உள்ளே இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தது போலிருந்தது.

மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடையில் ஆனந்த் காரை நிறுத்தினான். டீ வருவதற்குள் லாவண்யா படத்துக்கு வரி எழுத ஆரம்பித்தாள்.

'திரைக்குப் பின்னால் ஒரு கலைஞர். அவர் பேரைக்கூடச் சொல்ல மறுக்கும் முதலாளி...'

படம் அருமையாக விழுந்திருந்தது. கூடை, விரல்கள், நிமிர்ந்த முகம், எல்லாம் தெளிவாக இருந்தன.

அப்போது ஒரு மொபெட் வந்து காருக்குப் பக்கத்தில் நின்றது. மாதம்மாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, உள்ள படம் எடுத்தீங்களாமே. போட்டுட்டீங்களா?"

லாவண்யா போனைக் கவிழ்த்துப் பிடித்தாள். "இன்னும் இல்லை."

"அழிச்சிடுங்க. புண்ணியமாப் போகும். போன்ல குப்பைத் தொட்டின்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுல இருந்தும் எடுத்துடுங்க."

"எதுக்கும்மா இவ்வளவு பயப்படறீங்க?"

மாதம்மாள் டீக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"நீங்க எடுத்ததை அவ பார்த்துட்டா. துணிமணியை எல்லாம் பையில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. இந்த ஊரும் போச்சுன்னு அழுவுறா. அவ புருஷன் குடிச்சுட்டு அடிப்பான். முன்னாடி மத்தூர்ல இருந்தோம். இவளைக் கூட்டிக்கிட்டு குந்தாரப்பள்ளிக்கு வந்து கடை போட்டேன். கார்ல வந்தவங்க யாரோ படம் புடிச்சு போட்டுட்டாங்க. நாலாவது நாள் அவன் வந்து நின்னான்."

ஆனந்த் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு அவன் மிதிச்சதுல இவளுக்கு இடது கையில ரெண்டு விரல் மடங்காது. மீதி விரலை வச்சுக்கிட்டுத்தான் அந்தப் பூப் பின்னலைப் பழகுனா."

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

லாவண்யா படத்தை அழித்தாள். குப்பைத் தொட்டியையும் திறந்து காலி செய்தாள். போனை மாதம்மாளிடம் நீட்டினாள். மாதம்மாள் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மன்னிச்சிடுங்கம்மா. நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

"இருக்கட்டும் கண்ணு. தெரியாமத்தானே எடுத்தீங்க."

"போலீஸ்ல சொல்லலையா?"

"சொன்னேன். உள்ள வச்சாங்க. ஜாமீன்ல வந்துட்டான். கேஸ் நடக்குது. அவன் அடிச்சதைப் பார்த்த சாட்சி நான்தான்."

மாதம்மாள் மொபெட்டைத் திருப்பினாள். "வர்றேங்க. நான் போய்ச் சொன்னாத்தான் அவ பையைப் பிரிப்பா."

லாவண்யாவுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டடி கூடவே நடந்தாள்.

"அவன் உங்களைத் தேடி வந்து ஏதாவது பண்ணிட்டா? உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

மாதம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எம்மேல கை வைக்க மாட்டான் கண்ணு. நான் பெத்தவன்தானே."